கேமராவுக்குப் போட்ட வெளிச்சம்

2023 டிசம்பர் 1. ராய்ப்பூரில் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நான்காவது டி-20. எங்கள் வீட்டுக் கூடத்தில் மகனும் அவன் சிநேகிதர்களும் டி.வி. முன்னால் உட்கார்ந்து ரன் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து டீசல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்றைய செய்தி அப்படி. அந்த ஸ்டேடியத்துக்கு 2009-லிருந்து கரண்ட் பில் கட்டவில்லையாம். பாக்கி 3 கோடியே 16 லட்சம். இணைப்பைத் துண்டித்து ஐந்து வருடமாகிறது. தற்காலிகமாக ஒரு இணைப்பு கொடுத்திருக்கிறார்கள், அது கேலரிக்கும் பாக்ஸ்களுக்கும் மட்டும் தாங்கும். மைதான விளக்கு மொத்தமும் ஜெனரேட்டரில். கட்டி முடித்த கையோடு பராமரிப்பை ஒரு துறைக்கும் மற்ற செலவை இன்னொரு துறைக்கும் பிரித்துக்கொடுத்திருக்கிறார்கள். பில் வந்ததும் இவர் அவரைக் கைகாட்ட, அவர் இவரைக் கைகாட்ட, வருடம் ஓடிவிட்டது. அறுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய இடம்.

இந்தியா 20 ரன்னில் ஜெயித்தது. பையன்கள் குதித்தார்கள். எனக்கு அந்த ஜென்செட் பக்கத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றிருக்கும் ஆபரேட்டர்தான் கண்ணுக்குள் நின்றான். அந்த இடத்தில் நான் பல வருடம் நின்றிருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரிய மேட்ச்சுக்கு ஜெனரேட்டர் ஓடுவதை ஏதோ அதிசயம்போல எழுதியிருந்தார்கள். அதில் அதிசயமே இல்லை. ஒளிபரப்பு இருக்கிற ராத்திரியில் யாரும் ஈ.பி.யை, அதாவது மின்வாரியக் கரண்டை, நம்பி உட்காருவதில்லை. பாதி விளக்கு ஒரு ஜென்செட்டில், பாதி இன்னொன்றில், ஈ.பி. பின்னால் காத்திருக்கும். அல்லது ஜென்செட்டில் பாதி, ஈ.பி.யில் பாதி. ராய்ப்பூரில் பின்னால் காத்திருக்க எதுவும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

*

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு 1990-ல் ஒரு காண்டிராக்டரிடம் ஹெல்பராகச் சேர்ந்தேன். அவர் தெருவிளக்கு வேலைகளும், கோயில் திருவிழா சீரியல் விளக்கும், இரண்டு மூன்று ஆலைகளின் பராமரிப்பும் பார்த்துக்கொண்டிருந்தவர். ஸ்டேடியம் வேலை எங்களுக்குத் தற்செயலாக வந்தது. பெரியமேட்டில் பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்த இடத்தில் புதிதாக நேரு ஸ்டேடியம் எழும்பிக்கொண்டிருந்தது. பெரிய கம்பெனிகளுக்குக் கீழே சிறிய காண்டிராக்டர்கள், அவர்களுக்குக் கீழே நாங்கள். கேபிள் டிரம்மை உருட்டுவதும் குழியில் இறங்கி இழுப்பதும்தான் என் வேலை. அறுபது எழுபது பேர் ஒரே மூச்சில் "ஐலேசா" சொல்லி இழுத்தால்தான் அந்தக் கேபிள் ஒரு முழம் நகரும்.

எங்கள் மேஸ்திரி கிரிக்கெட் பைத்தியம். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மண்ணைக் காட்டுவார். "தம்பி, இங்கதான் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் 413 அடிச்சாங்க. அம்பத்தாறு ஜனவரி. எங்க அப்பா சுவத்துமேல உக்காந்து பாத்தாரு." முதல் விக்கெட்டுக்கு 413. டெஸ்ட் கிரிக்கெட்டில் அந்தச் சாதனை 2008 வரை நின்றது. அந்த ஆட்டத்துக்கு ஒரு விளக்கும் போடவில்லை, வெயில்தான். "சுவத்துமேல உக்காந்து பாத்தா போதும்னு இருந்த காலம்" என்று சொல்லிவிட்டு மோரைக் குடிப்பார்.

1993-ல் நேரு ஸ்டேடியம் திறந்தார்கள். நாற்பதாயிரம் பேர் உட்காரலாம். அந்த வருடம் நேரு கோப்பைக் கால்பந்து, 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. விளக்கு போட்ட முதல் ராத்திரி நான் வெளியே சூளை பக்கத்திலிருந்து பார்த்தேன். அங்கே பகல், சுற்றிலும் ராத்திரி. நான் இழுத்த கேபிளில் இந்த வெளிச்சம் போகிறதே என்று நினைத்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. இதை ஒளிக்க வேண்டியதில்லை. பின்னால் நான் சொல்லப்போகிற கணக்குகளைப் படித்துவிட்டு, இவனுக்கு ஸ்டேடியம் என்றாலே பிடிக்காது போல என்று நினைத்துவிடக் கூடாது. என் வீட்டு மாடி எழும்பியதே மேட்ச் ராத்திரிகளின் ஓவர்டைம் காசில்தான்.

*

அந்த வேலைக்குப் பிறகு எங்கள் காண்டிராக்டருக்கு 'மைதான விளக்குக்காரர்' என்று பெயர் வந்துவிட்டது. மாவட்டம் மாவட்டமாகப் போனோம். நான் ஹெல்பரிலிருந்து வயர்மேன், வயர்மேனிலிருந்து ஃபோர்மேன்.

மாஸ்ட் என்று நாங்கள் சொல்லும் விளக்குக் கோபுரம் நாற்பது மீட்டர் வரை போகும். உள்பக்க ஏணியில் ஏறி உச்சியிலுள்ள மேடைக்குப் போனால் காற்று வேறு மாதிரி இருக்கும். கீழே சட்டையை அசைக்காத காற்று மேலே ஆளையே அசைக்கும். பருந்து கூடு கட்டியிருந்தால் மாதக்கணக்கில் ஏற முடியாது, தலையில் கொத்தும். முதல் மழை பெய்த மறுநாள் ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கண்ணாடியிலும் ஈசல் இறகு அப்பிக்கிடக்கும். அதைத் துடைக்காவிட்டால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காவது குறையும்.

அப்போதெல்லாம் மெட்டல் ஹாலைடு விளக்கு. ஒரு பல்பு 2,000 வாட். ஒரு சோக், ஒரு இக்னிட்டர், கெப்பாசிட்டர். சோக் மட்டும் ஒரு சின்ன அரிசி மூட்டை கனம். இந்த விளக்குக்கு ஒரு குணம் உண்டு. போட்டவுடன் எரியாது, நீலமாக, பச்சையாக முணுமுணுத்து நாலைந்து நிமிடத்தில்தான் முழு வெள்ளைக்கு வரும். எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு கண் இமைக்கும் நேரம் வோல்டேஜ் விழுந்தால் போதும், மொத்தமும் அணைந்துவிடும். கரண்ட் உடனே திரும்பி வந்தாலும் பயனில்லை. பல்பு உள்ளே சூடு ஆறினால்தான் மறுபடி பற்றும். பத்து, பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் ஃபோர்மேனுக்குப் பன்னிரண்டு வயது ஏறும்.

ஒரு மாவட்டத் தலைநகரில் அது எனக்கு நடந்தது. மேடையில் அமைச்சர், மைதானத்தில் இரண்டு அணி, கேலரியில் எட்டாயிரம் பேர். டப் என்று இருட்டு. மூன்று நொடியில் ஈ.பி. வந்துவிட்டது. மேடை விளக்கு எரிகிறது, மைக் பேசுகிறது, மாஸ்ட் மட்டும் கருப்பாக நிற்கிறது. ஒரு அதிகாரி ஓடிவந்து, "கரண்ட்தான் வந்துடுச்சே, ஏன்யா போடல? சுவிட்சைப் போடுய்யா!" என்று பேனல் முன்னால் கத்துகிறார். பல்பு ஆறணும் சார் என்றால் அவருக்குப் புரியவில்லை. எங்கள் ஹெல்பர் பையன் ஒருவன், "சார், தோசைக்கல்லு மாதிரி சார்" என்று ஏதோ விளக்கம் சொல்லப்போக, அவனுக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. கேலரியில் எட்டாயிரம் செல்போன்கள் எரிந்தன. மைதானத்தில் இருந்த பையன்கள் அந்த வெளிச்சத்திலேயே பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

2013 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில், அவர்களுடைய சூப்பர் பவுல் இறுதிப் போட்டி நடுவில் விளக்கு போய் 34 நிமிடம் ஆட்டம் நின்றது என்று படித்தபோது, அந்த ஊர் ஃபோர்மேனுக்காக மனதாரப் பரிதாபப்பட்டேன். அங்கேயும் அதே விளக்குதான், அதே சூடுதான்.

*

இந்தத் தொழிலில் எனக்குக் கண் திறந்தது வெளிச்சத்தை அளக்கிற ஒரு லக்ஸ் மீட்டரால்.

புதிய விளக்கு போட்டு முடித்தால் அளந்து கொடுக்க வேண்டும். மைதானத்தில் பத்து மீட்டருக்கு ஒரு புள்ளியாகச் சுண்ணாம்பு வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் மீட்டரை வைத்து எழுதிக்கொண்டே வரவேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் செய்வோம். அன்று எங்களோடு வயதான ஒரு என்ஜினியர் வந்திருந்தார். நான் மீட்டரைத் தரையில் படுக்கவைத்துப் படித்தேன். அவர் அதை வாங்கி, இடுப்பு உயரத்தில் செங்குத்தாக, மெயின் கேலரியின் உச்சியைப் பார்த்துப் பிடித்தார்.

"அங்க என்ன சார் இருக்கு?"

"கேமரா."

பிறகு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். பழகுவதற்கு 75 லக்ஸ் போதும். ஊர் கிளப்புகள் ஆடுகிற ஆட்டத்துக்கு 200. டி.வி. இல்லாத பெரிய போட்டி என்றால் 500. ஆட்டக்காரன் கண்ணுக்கும் கேலரியில் இருப்பவன் கண்ணுக்கும் அதற்குமேல் தேவை இல்லை. ஒளிபரப்பு என்று வந்தால் 1,400-க்கு மேல், அதுவும் கேமராவைப் பார்த்த பக்கத்தில். பந்து ஸ்லோமோஷனில் மினுக்காமல் தெரியணும், கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கிற விளம்பரப் பலகையின் நிறம் மாறாமல் தெரியணும்.

"அப்ப மூணுல ரெண்டு பங்கு விளக்கு?"

"கேமராவுக்குப்பா. ஆட்டத்துக்கு இல்ல."

அந்த ராத்திரிக்குப் பிறகு எந்த ஸ்டேடியத்துக்குள் போனாலும் நான் விளக்கை இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்கிறேன். இது நமக்கு, இது கேமராவுக்கு. கேலரியையும் அப்படித்தான். மைதானம் என்பது மண், புல், வடிகால், ஒரு வேலி. அது பெரிய செலவில்லை. ஸ்டேடியத்துக்கு ஆகும் கோடிகள் போகுமிடம் இருக்கைகள், கூரை, பாக்ஸ், மாஸ்ட். அதாவது பார்ப்பவர்களுக்கு. வருடத்தில் 360 நாள் ஓடுகிறவர்களுக்கு ஆகும் செலவு கொஞ்சம். 5 நாள் பார்க்கிறவர்களுக்கு ஆகும் செலவு மீதியெல்லாம்.

சேப்பாக்கத்தில் ராத்திரி விளக்கு வந்தது 1996 உலகக் கோப்பைக்காக. அங்கே கணக்கு வேறு. நிலம் அரசுக் குத்தகை என்றாலும் ஸ்டேடியத்தை நடத்துவது கிரிக்கெட் சங்கம். கேமராவால் வருகிற காசும் அவர்களுக்கு, கேமராவுக்குப் போடுகிற விளக்கின் செலவும் அவர்களுக்கு. எனக்கு அதில் புகார் இல்லை. நான் வேலை பார்த்த ஊர்களில் காசு ஒரு பக்கம் போனது, பில் இன்னொரு பக்கம் வந்தது.

*

அந்த பில்லைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஊர் பெயர் வேண்டாம்.

பொதுப்பணத்தில் கட்டிய மாவட்ட ஸ்டேடியம். நாலு மாஸ்ட், மாஸ்டுக்கு 48 ஃபிட்டிங், ஒவ்வொன்றும் 2,000 வாட். சோக்கில் போகிற நஷ்டம், மோட்டார், ஏ.சி. எல்லாம் சேர்த்து 500 கேவிஏ லோடுக்கு சாங்ஷன், அதாவது அனுமதி, வாங்கியிருந்தார்கள். உயர் அழுத்த இணைப்பு. எங்கள் பாஷையில் ஹெச்.டி. சர்வீஸ். வீட்டுக்கு வருகிற பில்லைப் போல எரித்த யூனிட்டுக்கு மட்டும் காசு என்று இதில் கிடையாது. டிமாண்ட் சார்ஜ் என்று ஒன்று உண்டு. திருவல்லிக்கேணி மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்த மாதிரி. நீ சாப்பிட்டாயோ ஊருக்குப் போனாயோ, உனக்காக உலை வைத்தாயிற்று, காசைக் கொடு. வாங்கிய சாங்ஷனில் 90 சதவீதத்துக்காவது மாதாமாதம் கட்ட வேண்டும்.

அப்போது கேவிஏவுக்கு 350 ரூபாய். 500-இல் 90 சதவீதம் 450. மாதம் 1,57,500. வருடத்துக்கு 18 லட்சத்து 90 ஆயிரம். ஒரு சுவிட்சைக்கூடத் தொடாமல். அந்த ஸ்டேடியத்தில் மாஸ்ட் விளக்கு முழுசாக எரிந்தது முதல் வருடம் நாலு ராத்திரி, இரண்டாம் வருடம் இரண்டு, மூன்றாம் வருடம் ஒரே ஒரு ராத்திரி. அதிலும் பாதி லோடு டீசலில் ஓடியது. இன்றைக்குக் கேவிஏ விலை 350 என்பதெல்லாம் பழங்கதை, எங்கேயோ போய்விட்டது.

நான் அங்கிருந்த அதிகாரியிடம் சொன்னேன். "சார், சாங்ஷனைக் குறைச்சு எழுதிக் கொடுங்க. பழகுற பிள்ளைகளுக்கு மாஸ்டுக்கு எட்டு ஃபிட்டிங் போதும். நூறு கேவிஏ வாங்கினா ரெண்டு மோட்டாரும் ஓடும். பெரிய மேட்ச் வந்தா வாடகை ஜென்செட் எடுத்துக்கலாம்."

நல்ல மனுஷர். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "குறைச்சா, அப்புறம் ஏன் இவ்வளவு விளக்கு போட்டீங்கன்னு கேப்பாங்கப்பா. பில்லு கட்டலன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் சொன்னதுதான் நடந்தது. பில் கட்டவில்லை, யாரும் கேட்கவில்லை, ஒருநாள் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். கரண்ட் இல்லாததால் போர் மோட்டார் ஓடவில்லை, புல் காய்ந்தது. இருட்டானதால் காவலாளி ராத்திரி உள்ளே சுற்றுவதை நிறுத்தினார். கேபிளில் கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் திருடர்கள் வந்தார்கள். நான் மறுபடி போனபோது கேபிள் பள்ளத்தின் மூடிகள் வரிசையாகத் திறந்து கிடந்தன. தாமிரம் முழுக்கப் போயிருந்தது. உள்ளே சாரைப்பாம்பு ஒன்று சட்டை உரித்துப் போட்டிருந்தது. எங்களுக்கு வர வேண்டிய பராமரிப்புப் பாக்கியில் கொஞ்சம் இன்னும் வரவில்லை, அது தனிக் கதை.

சாயங்காலம் காம்பவுண்டுக்கு வெளியே வந்தால், மெயின் ரோட்டு சோடியம் விளக்கு வெளிச்சத்தில் பையன்கள் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். வலையின் ஒரு முனையை ஸ்டேடியத்து கேட்டில்தான் கட்டியிருந்தார்கள்.

*

அந்த கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. எல்லோரும் சொல்வதுதானே, ஸ்டேடியம் வந்தால் ஊருக்குள் காசு புரளும், வியாபாரம் பெருகும் என்று. நானும் அப்படித்தான் நம்பினேன். முதல் பெரிய மேட்ச்சுக்கு மறுநாள் காலை போய், "என்ன பாய், நேத்து நல்ல கல்லாவா?" என்றேன்.

"எங்கண்ணே? மூணு மணியிலேருந்து ரோட்டை மறிச்சுட்டாங்க. உள்ள டீ, தண்ணி பாட்டிலெல்லாம் டெண்டர் எடுத்தவன் விக்கிறான், அவன் சென்னைக்காரன். எனக்குக் காலையில வாக்கிங் வர்ற இருநூறு பேருதான் சோறு. நேத்து போலீசு பந்தோபஸ்துன்னு காலையிலயே கேட்டைப் பூட்டிட்டாங்க. அவங்களும் வரல."

பேருந்து நிலையத்துப் பக்கம் ஹோட்டல் வைத்திருந்தவர் அன்று நல்ல வியாபாரம் என்றார். அதே ராத்திரி சினிமாக் கொட்டகை காலி. ஒரு குடும்பம் மாதத்தில் ஒரு நாள் செலவழிக்க வைத்திருக்கும் ஐந்நூறு ரூபாய் இந்தப் பக்கம் போகாமல் அந்தப் பக்கம் போயிருக்கிறது. ஊருக்குப் புதிதாக எதுவும் வரவில்லை.

பொருளாதாரம் படித்த என் மகன் சொன்னான், இதைத்தான் அமெரிக்காவில் ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஸிம்பலிஸ்ட் என்ற இருவர் 1997-ல் ஒரு பெரிய புத்தகமாகத் தொகுத்திருக்கிறார்கள் என்று. ஊர் ஊராக ஸ்டேடியக் கணக்கைப் பிரித்துப் பார்த்து, உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கு இதனால் கிடைப்பது மிகக் கொஞ்சம், சில இடங்களில் நஷ்டம் என்று சொல்லியிருக்கிறார்களாம். டீக்கடை பாய்க்கு அந்தப் புத்தகம் தேவைப்படவில்லை.

அமெரிக்கக் கதையில் எனக்கு மறக்காதது சியாட்டில். கிங்டோம் என்று ஒரு மூடிய ஸ்டேடியம், 1976-ல் திறந்தது. கூரையிலிருந்து பலகை பெயர்ந்து விழுந்து, அதைச் சரிசெய்யக் கடன் வாங்கி, சரிசெய்த கொஞ்ச வருடத்திலேயே அது போதவில்லை என்று சொல்லி 2000 மார்ச் 26-ம் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். கடன் மட்டும் தகரவில்லை. அந்த மாவட்டத்து (அங்கே கவுண்டி என்பார்கள்) மக்கள் 2015 வரை கட்டியிருக்கிறார்கள். இடித்துப் போட்ட வீட்டுக்கு பதினைந்து வருடம் வாடகை.

மரக்கானா இன்னொன்று. ரியோவில் உலகக் கோப்பை இறுதி ஆட்டமும் ஒலிம்பிக் தொடக்க விழாவும் நடந்த இடம். 2016 ஒலிம்பிக் முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2017 ஜனவரியில் கரண்ட் பில் பாக்கிக்காக ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். நடத்தும் கம்பெனி, ஒலிம்பிக் கமிட்டி, மாநில அரசு மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். புல் காய்ந்தது, நாற்காலிகள் காணாமல் போயின. அந்தப் போட்டோவைப் பார்த்தபோது எனக்கு நம்ம ஊர் ஞாபகம்தான் வந்தது. பாம்புச் சட்டைதான் பாக்கி.

*

எல்லா ஊரும் இப்படியா என்றால், இல்லை. கோவை நேரு ஸ்டேடியத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கேலரியின் முதுகுப் பக்கம் சுற்றிலும் கடைகள். ஸ்போர்ட்ஸ் சாமான் வாங்க வேண்டுமென்றால் அந்த ஊரில் அங்கேதான் போவார்கள். மேட்ச் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடை திறந்திருக்கும், வாடகை வரும். காலையும் மாலையும் டிராக்கில் ஜனம். அழகு பார்க்கிறவர்களுக்கு அது பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். 2019 மார்ச்சில் சென்னை சிட்டி அணி அங்கே ஐ-லீக் கோப்பை ஜெயித்தது. கால்பந்துக்கு ஊரே கூடியது. அந்த அணி இன்று ஐ-லீக்கில் இல்லை. கடைகளும் டிராக்கில் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அணியை நம்பிக் கட்டினால் அணி போய்விடும்.

அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறந்த ஏறு தழுவுதல் அரங்கத்துக்கு 62 கோடிக்கு மேல் செலவு. கம்பீரமான கட்டடம், நானே போய்ப் பார்த்தேன். பொங்கல் ஜல்லிக்கட்டு அதற்குப் பிறகும் ஊர் வாடிவாசலில்தான் நடக்கிறது. மாட்டுக்காரர்களிடம் கேட்டால், சாமி அங்கேதானே இருக்கு என்கிறார்கள். அந்த அரங்கத்தின் பில்லை நான் பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றி மேலே பேசக்கூடாது.

நான் போட்ட விளக்குகளில் எனக்கு மனநிறைவு தந்தது எது என்று மகன் ஒருமுறை கேட்டான். நேரு ஸ்டேடியம் என்று சொல்வேன் என எதிர்பார்த்தான். நான் சொன்னது ஒரு கபடி மைதானம். ஒரு டவுன் பஞ்சாயத்தில், அரசு பள்ளிக்குப் பின்னால். எட்டு இரும்புக் கம்பம், ஒவ்வொன்றிலும் 200 வாட் எல்.ஈ.டி. ஒன்று. மொத்தம் 1,600 வாட். ஒரு வீட்டு ஏ.சி. இழுக்கிற கரண்ட். இந்தத் தொழிலில் எல்.ஈ.டி. வந்தது பெரிய வரம். போட்டவுடன் எரியும், வோல்டேஜ் விழுந்தால் எழுந்து நிற்கும், பன்னிரண்டு நிமிட நரகம் இல்லை. அந்த மைதானத்து சுவிட்ச் ஒரு மரப்பெட்டிக்குள். சாவி பி.டி. டீச்சரிடம் ஒன்று, எதிர்வீட்டு ஆயாவிடம் ஒன்று. பெண் பிள்ளைகள் ராத்திரி எட்டரை வரை பழகுவார்கள். ஆயா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி பார்த்துக்கொண்டிருப்பார். கடைசிப் பெண்ணின் அப்பா சைக்கிளில் வந்து கூட்டிப்போன பிறகுதான் சுவிட்சை அணைப்பார். நான் ஒருமுறை பல்பு மாற்றப் போனபோது என்னையே அதட்டினார். "யாருய்யா அது கம்பத்துல? புள்ளைங்க ஆடுற நேரத்துல ஏறாத. போயிட்டு ஒம்போதுக்கு வா."

மாவட்ட ஸ்டேடியத்தின் டிமாண்ட் சார்ஜ் பத்தொன்பது லட்சத்தில் அந்த மாதிரி எத்தனை மைதானத்துக்குக் கரண்ட் கட்டலாம் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒவ்வொன்றும் 3 கோடி ரூபாயில் என்று தமிழ்நாடு அரசு கட்டத் தொடங்கியிருக்கிறது. அளவு சரியான அளவு என்பது என் எண்ணம். கேலரி சின்னது, நடைபாதை இருக்கிறது, கபடிக்கும் வாலிபாலுக்கும் இடம் இருக்கிறது. யாராவது ஒருவர் அதில் ஒரு உயரமான மாஸ்ட் வைக்க ஆசைப்படாமல் இருக்க வேண்டும். நகரங்களுக்குப் பெரிய ஸ்டேடியமே கூடாதா? ஒன்றிரண்டு வேண்டும்தான். சென்னை அளவு ஊருக்கு நாற்பதாயிரம் பேர் உட்காரும் ஒரு இடம் தேவை. ஆனால் அதன் கேமரா வெளிச்சத்துக்கான காசை கேமரா வைத்திருப்பவர் கொடுக்கட்டும். ஊர்க்காசு ஊர்க்காரன் கண்ணுக்குத் தேவையான வெளிச்சத்தோடு நிற்கட்டும். முப்பது வருடம் மாஸ்டில் ஏறி இறங்கியவன் சொல்வது இவ்வளவுதான்.

உங்கள் ஊரில் ஸ்டேடியம் வரப்போகிறது என்று போஸ்டர் ஒட்டினால், எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்காதீர்கள், அதை அவர்களே சொல்வார்கள். ஈ.பி. சர்வீஸ் யார் பேரில், எத்தனை கேவிஏ, ராத்திரி கேட் சாவி யாரிடம் — இந்த மூன்றையும் அடிக்கல் நாட்டுவதற்கு முன்னால் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.